கபடி வீரர், டிவி வர்ணனையாளர், ஜெர்சி வியாபாரி: ஒருவரின் மூன்று வருமானங்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போனவர்கள் சிலருக்கு எங்கள் அலுவலகம் வரிக் கணக்கு பார்க்கிறது. பெரும்பாலோருக்கு ஒரு சம்பளம், அதில் பிடித்த வரிக்குச் சான்றாக ஒரு ஃபார்ம் 16. அதோடு வேலை முடிந்தது. இங்கே எழுதப்படுபவர் சில ஆண்டுகளுக்குள் மூன்று வழிகளில் சம்பாதிக்கத் தொடங்கினார். மூன்றும் ஒன்றையொன்று உரசின. எங்கே உரசின, எப்படிப் பிரித்தோம், எது சரிப்பட்டது, எது சரிப்படவில்லை என்பதே இந்தப் பதிவு. அவரும் அவர் மனைவியும் இதை எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். பெயர், ஊர், துறை, தொகைகள் விடப்பட்டுள்ளன.

பின்னணி

காவிரி டெல்டாவில் ஒரு கிராமம். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மின்னொளி கபடி நடக்கும் ஊர். அவர் தடுப்பு வரிசையின் இடது ஓரமான இடது கார்னரில் நிற்பவர். கணுக்கால் பிடிக்குப் பேர் போனவர். கல்லூரி இடமும் விளையாட்டு ஒதுக்கீடு, 2009இல் கிடைத்த மத்திய அரசு எழுத்தர் வேலையும் விளையாட்டு ஒதுக்கீடு. துறை அணிக்கு ஆடினால் பயிற்சிக்கு நேரம் கிடைக்கும், வெளியூர்ப் போட்டிக்குப் படி கிடைக்கும். அன்றைய கபடிக்காரர் ஒருவர் எட்டக்கூடிய உயரம் அவ்வளவுதான்.

2014 ஜூலையில் புரோ கபடி லீக் வந்தது. துறையின் அனுமதியோடு ஓர் அணியில் மாற்று ஆட்டக்காரராக இருந்தார். களம் இறங்கிய ஆட்டங்கள் குறைவு. 2016இல் வலது முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆனால் களத்தில் திரும்ப நின்றபோது, குனிந்து பாயும் அந்த முதல் அடி வரவில்லை.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்து, ஆட்டத்தை நிறுத்தியவரின் நிலைமை அலுவலகத்தில் கொஞ்சம் சங்கடமானது. கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் துறைத் தேர்வு எழுதி மேலே போயிருப்பார்கள். இவர் ஆண்டின் பாதியை முகாமிலும் போட்டியிலும் கழித்திருப்பார், கோப்பு பழகியிருக்காது. 29 வயதில் அவர் மேசைக்குத் திரும்பியது அப்படித்தான்.

மைக் முன்னால்

2017இல் லீக் 8 அணிகளிலிருந்து 12 அணிகளாக விரிந்தது. தமிழ் தலைவாஸ் அணி வந்ததும் அந்த ஆண்டுதான். விளையாட்டுக்கென்று தனித் தமிழ் சேனல் வந்ததும் அந்த ஆண்டுதான். கிரிக்கெட்டுக்குத் தமிழில் பேச ஆட்கள் இருந்தார்கள். கபடிக்குத் தேட வேண்டியிருந்தது. பழைய அணித் தோழர் ஒருவர் இவர் பெயரைச் சொல்லியிருக்கிறார். குரல் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள், போனார், எடுத்துக்கொண்டார்கள்.

முதல் பத்து நாள் மோசமாகப் போனது. கபடி தெரிந்ததுதான் அவருக்குச் சிக்கலாக இருந்தது. ஒரு பிடியைப் பார்த்தால் அதற்கு முந்தைய மூன்று ரெய்டுகளிலிருந்து தொடங்கி விளக்க வேண்டும் என்று தோன்றும். டிவியில் அதற்கு இடமில்லை. ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. நடப்பதைச் சொல்ல ஒருவர் இருக்கிறார். முன்னாள் வீரருக்குக் கிடைப்பது ஒரு ரெய்டுக்கும் அடுத்த ரெய்டுக்கும் நடுவில் உள்ள சின்ன இடைவெளி. ரெய்டர் எதிரணிப் பக்கத்தில் கட்டாயம் தாண்ட வேண்டிய பாக் லைனைத் தாண்டுவதற்குள் வாக்கியம் முடிந்திருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் பழைய ஆட்டங்களைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டுப் பேசிப் பழகினார். மனைவி கையில் ஸ்டாப்வாட்ச். பி.காம். படித்து, தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்தவர் அவர். இந்தக் கதையில் அவர் பங்கு இதோடு முடியவில்லை.

பேச்சு மொழியும் பிரச்சினையானது. தொடக்கத்தில் அவரிடம் பொதுத் தமிழ் கேட்டார்கள். ஊர்க் களத்தில் வளர்ந்தவர் ரெய்டரை 'பாடிப் போறவர்' என்பார். டேக்கிளைப் 'பிடி' என்பார். தடுத்துப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். வட்டார வழக்கின் மேல் திடீர்ப் பற்று வந்ததாக நான் நினைக்கவில்லை. 'பிடி' என்ற இரண்டெழுத்து அந்த இடைவெளிக்குள் அடங்கியது, அவ்வளவுதான். எப்படியோ, அதுவே அவருடைய அடையாளமாகிவிட்டது. சீசன் முடிவதற்குள் ஊர்ப்பக்கத்துப் போட்டிகளில் அவர் படம் போட்ட பேனர் வைக்கத் தொடங்கினார்கள்.

அந்த ஒரு சீசனின் வருமானம் ஏறக்குறைய அவருடைய ஆறு மாதச் சம்பளம். ஈட்டிய விடுப்பைப் போட்டுவிட்டுப் போனார். வர்ணனைக்கு எழுத்தில் அனுமதி வாங்கவில்லை. துறையின் விளையாட்டுப் பொறுப்பு அதிகாரி, "போய்ட்டு வாப்பா, பாத்துக்கலாம்" என்று வாயால் சொன்னதுதான்.

முதலில் தெரிந்தது: 26ஏஎஸ் படிவம்

2018இல் வழக்கம்போல அவரே சம்பளக்காரர்களுக்கான எளிய வரிப் படிவமான ஐடிஆர் 1 தாக்கல் செய்தார். சம்பளம் மட்டும் காட்டியிருந்தார். சேனலுக்காக நிகழ்ச்சி தயாரித்த நிறுவனம், தொழில்முறைக் கட்டணங்களுக்கான 194ஜே பிரிவில் 10 சதவீதம் வரி பிடித்துக் கட்டியிருந்தது. ஒருவர் பெயரில் பிடித்துக் கட்டிய வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அது ஏறியிருந்தது. இரண்டும் பொருந்தவில்லை என்ற தகவல் வந்த பிறகுதான் எங்களிடம் வந்தார். "பிடிச்சிட்டுத்தானே சார் குடுத்தாங்க, மறுபடி எதுக்குக் காட்டணும்?" என்பது அவருடைய கேள்வி. இதே கேள்வியை வேறு பலரும் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள்.

வரியைச் சரிசெய்வது கடினமாக இல்லை. சம்பளத்தோடு தொழில் வருமானமும் இருப்பதால் ஐடிஆர் 3. அந்த ஆண்டுக்குத் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்ய 2019 மார்ச் 31 வரை அவகாசம் இருந்தது. 20 சதவீத அடுக்கில் இருந்தவருக்கு 10 சதவீதம்தான் பிடித்திருந்தார்கள். மீதியையும், முன்கூட்டிய வரி கட்டாததற்கான வட்டியையும் கட்டினார்.

இதில் ஒரு நுணுக்கம், இதே நிலையில் உள்ளவர்களுக்காக. வரவில் பாதியை லாபமாகக் காட்டிவிட்டுக் கணக்கு எழுதாமல் இருக்கலாம் என்று அன்றைய வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவைப் பலர் பரிந்துரைத்தார்கள். விளையாட்டு வர்ணனையாளர், தொகுப்பாளர், பயிற்சியாளர் ஆகியோரை 2008இல் ஓர் அறிவிக்கையில் சேர்த்தது உண்மை. ஆனால் அது 194ஜே பிடித்தத்துக்காக. 44ஏடிஏ பின்பற்றும் தொழில் பட்டியலில் அவர்கள் இருக்கவில்லை. ஆகவே பயணம், தங்குமிடம், உடை எல்லாவற்றுக்கும் பில் வைத்து வரவு செலவு எழுத வைத்தோம்.

வரியைவிடப் பெரிய விஷயம் நடத்தை விதி. மத்திய அரசு ஊழியர்களின் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 15ஆவது விதி, முன் அனுமதி இல்லாமல் நேரடியாகவோ மறைமுகமாகவோ வியாபாரம் செய்வதையும் வேறு வேலை பார்ப்பதையும் தடுக்கிறது. அமெச்சூர் விளையாட்டுக்கு விலக்கு உண்டு. காசு வாங்கிக்கொண்டு மூன்று மாதம் வர்ணனை செய்வதை அந்த விலக்குக்குள் நுழைக்க முடியாது. வெளி அமைப்பிடம் கட்டணம் வாங்கவும் அனுமதி வேண்டும். அனுமதித்தாலும், ஆண்டு வரம்புக்கு மேற்பட்ட கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு அரசுக் கணக்குக்குப் போக வேண்டியிருக்கும்.

இரண்டாவது சீசனுக்கு முறையாக விண்ணப்பித்தார். அனுமதி தாமதமாக வந்தது, ஆனால் எழுத்தில் வந்தது. மூன்றில் ஒரு பங்கு அவருக்குக் கசந்தது. அந்தக் காகிதத்தின் மதிப்பு அவருக்குப் புரிய இன்னும் ஓராண்டு ஆனது.

ஜெர்சி

வியாபார யோசனை அவருடையது, நல்ல யோசனை. ஊர்ப் போட்டிகளுக்குத் தலைமை தாங்கப் போகும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறார். எல்லா அணியும் ஜெர்சி அடிக்கிறது. அதற்குக் காசு கொடுப்பது பெரும்பாலும் ஆட்டக்காரர்கள் இல்லை. நகைக்கடைக்காரர், கட்சிக்காரர், துபாயிலிருந்து அனுப்பும் ஊர்ப் பையன். நன்கொடையாளர் பெயர் முதுகில் பெரிதாகத் தெரிய வேண்டும், போட்டிக்கு முதல் நாள் இரவுக்குள் கையில் இருக்க வேண்டும். துணி எப்படியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இழுத்துப் பிடிக்கும் ஆட்டத்தில் இரண்டாவது ரெய்டிலேயே தோள் தையல் பிரியும். கபடிக்கென்று தோளிலும் பக்கவாட்டிலும் இரட்டைத் தையல் போட்டு, சூட்டில் சாயத்தைத் துணிக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் அச்சில் பெயரும் எண்ணும் போட்டுக் கொடுத்தால் விற்கும் என்றார்.

காலண்டரும் பொருந்தியது. 2017இல் லீக் நடந்தது ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. ஊர்க் கபடி பொங்கலில் தொடங்கி சித்திரைத் திருவிழாக்கள் வரை. ஒன்று ஓயும்போது மற்றொன்று தொடங்கும்.

திருப்பூரில் சின்ன யூனிட் வைத்திருந்த ஒருவர் கூட்டாளியானார். அரசு ஊழியர் பெயரில் முடியாது என்பதால் 2018 இறுதியில் மனைவி பெயரையும் கூட்டாளி பெயரையும் போட்டுப் பங்குதாரர் நிறுவனம் பதிவானது. எங்களிடம் அவர்கள் வந்தது பத்திரம் எழுதிய பிறகு. மனைவி அன்று கேட்டது: "யோசனை அவரோடது, மெஷின் அந்த அண்ணனோடது, கையெழுத்து மட்டும் என்னோடதா சார்?"

அது சரியான கேள்வி. குடும்பத்தினர் தொழில் செய்வதை விதி தடுக்கவில்லை. துறைக்குத் தெரிவித்தால் போதும். ஆனால் அந்தத் தொழிலுக்காக ஊழியர் ஆள் பிடிப்பதோ விளம்பரம் செய்வதோ கூடாது. பிராண்டுக்கு வைத்திருந்ததோ களத்தில் அவருக்கு இருந்த பட்டப்பெயர். ஜெர்சி போட்டுக் கொடுக்கும் பையில் அச்சடித்திருந்தது அவர் முகம். மனைவி பெயரில் நடக்கும் வியாபாரம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். இதைச் சொன்னோம். துறைக்குத் தெரிவிக்கும் கடிதத்தைக் கொடுத்துவிட்டார்கள். பையில் இருந்த முகத்தை மாற்றவில்லை. அடித்த பைகள் தீரட்டும் என்றார்கள்.

மொட்டைக் கடிதம்

2019 மே மாதம் துறைக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. கூடவே ஒரு போட்டி பேனரின் புகைப்படம்: தலைமை தாங்குபவர் என்று அவர் படம், கீழே ஜெர்சி உபயம் என்று பிராண்ட் பெயர், ஆர்டருக்கு அவருடைய செல் நம்பர். விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

அதே வாரத்தில் சேனல் தரப்பிலிருந்தும் ஒரு கேள்வி. ஒப்பந்தத்தில், சீசன் நடக்கும் காலத்தில் வேறு ஒளிபரப்பில் பேசக்கூடாது, எந்தப் பிராண்டையும் தாங்கி வரக்கூடாது என்று இருந்தது. உள்ளூர்ப் போட்டி ஒன்றின் யூடியூப் நேரலையில் தன் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு அவர் பேசியிருந்தார். சீசனுக்கு வெளியே என்பதால் எச்சரிக்கையோடு விட்டார்கள்.

என்ன முடிவெடுத்தோம், ஏன்

அவருக்கு வேலையை விட்டுவிடத்தான் ஆசை. வயது 32, டிவியில் முகம் தெரிகிறது, ஆர்டர் வருகிறது. எல்லோரும் அதையே சொன்னார்கள். எங்கள் கணக்கு வேறு விதமாக இருந்தது. 2004க்குப் பிறகு சேர்ந்தவர் என்பதால் அவர் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தார்; 60 வயதுக்கு முன் விலகினால், அன்றைய விதிப்படி சேர்ந்த தொகையில் குறைந்தது 80 சதவீதத்தைப் பின்னால் ஓய்வூதியமாகத் தரும் ஆண்டுத்தொகைத் திட்டத்தில் போட வேண்டும், கையில் கிடைப்பது 20 சதவீதம்தான். விருப்ப ஓய்வுக்கு 20 ஆண்டு பணி வேண்டும், அவருக்குப் பத்து. சேனல் ஒப்பந்தம் ஒவ்வொரு சீசனுக்கும் தனித்தனி. ஜெர்சி வியாபாரத்திலோ காகிதத்தில் லாபம், கையில் காசு இல்லை. நன்கொடையாளர் போட்டி முடிந்த பிறகுதான் கொடுப்பார், சிலர் அடுத்த பொங்கலுக்குக் கொடுப்பார்கள். துணிக்காரருக்கும் அச்சுக்காரருக்கும் முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும்.

ஆகவே வேலையை விடாமல், மற்ற இரண்டையும் அதற்கு ஏற்பச் சுருக்குவது என்று முடிவானது. மெமோவுக்கு உள்ளதை உள்ளபடி பதில் எழுதினார்: மனைவியின் தொழில் பற்றி ஏற்கெனவே தெரிவித்த கடிதத்தின் நகல், வர்ணனைக்கான அனுமதியின் நகல், பேனரில் தன் நம்பர் வந்தது தவறு என்ற ஒப்புதல். எச்சரிக்கைக் கடிதத்தோடு அது முடிந்தது. எழுத்தில் அனுமதி இல்லாதிருந்தால் குற்றச்சாட்டுக் குறிப்பாணையே வந்திருக்கும் என்பது என் கணிப்பு. பையிலிருந்த முகம் போனது. செல் நம்பர் மனைவியுடையதாக மாறியது. மனைவி பள்ளி வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வியாபாரத்தைக் கையில் எடுத்தார். பாதி முன்பணம் வராமல் துணி வெட்டக்கூடாது என்பது அவர் போட்ட முதல் சட்டம். அடுத்த பொங்கலுக்கு ஆர்டர் குறைந்தது, வசூல் கூடியது.

பேர் யாருடையது

இந்தச் சுத்தம் செய்யும் வேலையில்தான் இன்னொன்று தெரிந்தது. பிராண்டாக வைத்திருந்த பட்டப்பெயருக்கு, ஆயத்த ஆடைகளுக்கான 25ஆம் வகையில், திருப்பூர்க் கூட்டாளி தன் சொந்தப் பெயரில் வணிக முத்திரைக்கு விண்ணப்பித்திருந்தார். ஏமாற்றும் எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. "பேரு யாரு பேர்ல இருந்தா என்னங்க, கடை ஒண்ணுதானுங்களே" என்றார். ஆனால் பதிவு கிடைத்தால் பத்தாண்டு உரிமை, புதுப்பித்துக்கொண்டே போகலாம். கூட்டு முறிந்தால் தன் பட்டப்பெயரைப் போட்டு ஒரு பனியன் விற்கக்கூட இவருக்கு வழியிருக்காது.

பேசித் தீர்க்க நான்கு மாதம் பிடித்தது. விண்ணப்பத்தைக் கபடிக்காரரின் மனைவிக்கு மாற்றிக் கொடுக்கும் பத்திரம் எழுதப்பட்டது. பதிலுக்கு மூன்று ஆண்டுகளுக்குத் தையல் வேலை முழுவதும் அந்த யூனிட்டுக்கே என்று ஒப்பந்தம். கூட்டாளி பங்கிலிருந்து விலகி, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் வொர்க் செய்பவரானார். நிறுவனம் மனைவியின் தனி உரிமையானது. இந்த விஷயம் முழுவதிலும் எனக்கு அதிகம் திருப்தி தந்த முடிவு இதுதான். யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை, உறவும் கெடவில்லை.

பின் நடந்தது

ஏழாவது சீசன் 2019 அக்டோபர் 19 அன்று முடிந்தது. அடுத்த சீசன் தொடங்கியது 2021 டிசம்பர் 22 அன்று, பெங்களூரில், பார்வையாளர் இல்லாமல். நடுவில் இரண்டு ஆண்டுக்கும் மேல் வர்ணனை வருமானம் கிடையாது. 2020 மார்ச் ஊரடங்கு திருவிழாக் கபடியையும் நிறுத்தியது. பாதி முன்பணம் வாங்கி அடித்து வைத்த ஜெர்சிகளை வாங்க ஆள் வரவில்லை. அந்த ஆண்டு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி அனுமதித்த கடன் தவணை ஒத்திவைப்பைப் பயன்படுத்தினார்கள். வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. திருப்பூர் யூனிட் மாஸ்க் தைக்கப் போனது. வீட்டை ஓட்டியது எழுத்தர் சம்பளம்.

2019இல் எடுத்த முடிவைப் பின்னால் எல்லோரும் தீர்க்கதரிசனம் என்றார்கள். கோவிட் வரும் என்று யாருக்கும் தெரியாது. வருமானம் நிச்சயமில்லை என்பதைப் பார்த்தோம். அந்த நிச்சயமின்மை இந்த வடிவில் வந்தது எங்கள் கணக்கில் இல்லாதது.

2021இல் உள்ளூர் சேனல் ஒன்று மாவட்ட அளவிலான வீரர்களைப் பேட்டி காணும் வாராந்திர நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கக் கூப்பிட்டது. துறை அனுமதியோடு செய்தார். வர்ணனையைவிட இது அவருக்கு நன்றாக வந்தது. ஓட்டப்பந்தய வீராங்கனையிடம் 'அடுத்த லட்சியம் என்ன?' என்று கேட்பதை விட்டுவிட்டு, போட்டிக்கு முதல் நாள் ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, ரயிலில் சீட் கிடைத்ததா என்று கேட்பார். எதிரே இருப்பவர் தானாகப் பேசத் தொடங்குவார்.

2022இல் இரண்டு சேனல்களோடும் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. வியாபாரத்தில் ஆறு மாதச் செலவுக்கான பணம் தனிக் கணக்கில் சேர்ந்திருந்தது. அதன் பிறகுதான் ராஜினாமா. அந்த ஆண்டே அவருடைய கட்டணங்கள் 20 லட்ச ரூபாயைத் தாண்டியதால் சேவைகளுக்கான ஜிஎஸ்டி பதிவு எடுத்தோம். இப்போது அவர் 18 சதவீதம் சேர்த்து பில் போடுகிறார். மனைவியின் நிறுவனத்துக்கு அவர் விளம்பர முகம், அதற்கும் ஒப்பந்தம் உண்டு, கட்டணம் உண்டு. கணவன் மனைவிக்குள் எதற்கு இதெல்லாம் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்களாம்.

எல்லாம் நன்றாகப் போனதாகச் சொல்ல முடியாது. 2023இல் நண்பர்களோடு தொடங்கிய கபடிப் பயிற்சி மையம் ஓராண்டுக்குள் மூடப்பட்டது. பிள்ளைகள் வந்தார்கள், ஆனால் கபடிக்குக் கட்டணம் கொடுக்கப் பெற்றோர் தயாராக இல்லை. கிரிக்கெட் கோச்சிங்குக்கு மாதம் இரண்டாயிரம் கொடுப்பவர், கபடியை ஊர்க் களத்தில் இலவசமாகக் கற்கும் ஆட்டமாகத்தான் பார்க்கிறார். ஆட்டத்துக்கான மேட் (விரிப்பு) வாங்கிய காசு திரும்பவில்லை. பத்தாவது சீசன் 2023 டிசம்பரில் தொடங்கி 2024 மார்ச் வரை ஓடியதால் அந்த முறை காலண்டர் பொருத்தமும் போய்விட்டது. பொங்கல் சமயத்தில் அவர் மைக் முன்னால் இருந்தார். ஆர்டர்களை மனைவியும் இரண்டு பையன்களும் பார்த்தார்கள்.

மறுபடி செய்தால் எதை மாற்றுவது

எழுத்து அனுமதி முதல் சீசனுக்கு முன்பே வாங்கப்பட்டிருக்க வேண்டும். 2017இல் நடந்ததை யாரும் கிளறவில்லை என்பது வெறும் அதிர்ஷ்டம். வணிக முத்திரை விண்ணப்பத்தைப் பங்குதாரர் பத்திரத்துக்கு முன் போட்டிருக்கலாம். சிறு நிறுவனத்துக்கு இணையவழிக் கட்டணம் ஒரு வகைக்கு 4,500 ரூபாய்தான், அதைத் தள்ளிப்போட்டதால் நான்கு மாதப் பேச்சுவார்த்தை. விளையாட்டுப் பயிற்சிக்கான 41ஆம் வகையிலும் அன்றே போட்டிருந்தால், இன்று அதே பட்டப்பெயரில் வேறு மாவட்டத்தில் ஒருவர் நடத்தும் பயிற்சி முகாமுக்கு ஒரு கடிதமாவது அனுப்ப முடியும்.

ராஜினாமா எப்போது செய்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் வீட்டில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. 2019இலேயே விட்டிருந்தால் கர்நாடகம், மகாராஷ்டிரம் வரை கொண்டுபோயிருக்கலாம், இரண்டு போட்டி நிறுவனங்கள் அந்த இடைவெளியில்தான் முளைத்தன என்கிறார் அவர். மனைவி 2020 ஏப்ரல் மாத வங்கி அறிக்கையை எடுத்து வைக்கிறார். அதில் வரவாக இருப்பது ஒரே ஒரு வரி: துறையிலிருந்து வந்த சம்பளம்.